டாக்டர் பதில்கள்: எதிர்பாராமல் தெரியவந்த அயோர்ட்டா வீக்கம்

பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போனவர், புராஸ்டேட்டுக்காகப் போனவர், மகள் வற்புறுத்தியதால் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டவர் என்று இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள். யாருக்கும் வலி இல்லை, தொந்தரவு இல்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் மட்டும் 'அப்டாமினல் அயோர்ட்டிக் அனூரிசம்' என்று ஒரு வரி. வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரத்தநாள அறுவைசிகிச்சைப் பிரிவிலேயே பணிக்காலம் முழுவதும் இருந்தவன் நான். அதனால் இந்த இதழின் பக்கங்களை இவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எனக்கு வயது 67. போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றில் உள்ள அயோர்ட்டாவில் 42 மி.மீ. வீக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். 'வயித்துக்குள்ள டைம் பாம் இருக்கு சார், ஜாக்கிரதை' என்றார் அங்கிருந்த ஒருவர். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. படுத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது, துடிப்பு தெரிகிறது. மனைவி மாடிப்படி ஏறவே விடுவதில்லை. பெரிய டாக்டரோ 'இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள்' என்கிறார். வெடிக்கக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்வது சரியா? இப்போதே ஆபரேஷன் செய்துவிட முடியாதா?
- வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்களிடம் அப்படிச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய தூக்கத்தைப் பறித்திருக்கிறது என்பதை என் வார்டில் பார்த்திருக்கிறேன். வீக்கத்தால் கெட்டவர்களைவிட, அந்தப் பேச்சால் வீட்டுக்குள் முடங்கிப்போனவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்பட்டு நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்தான் அயோர்ட்டா. வயிற்றில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. வயது, புகை, ரத்தக்கொதிப்பு, பிறவி வாகு எல்லாம் சேர்ந்து சுவரில் உள்ள நார்களை நைந்துபோகச் செய்கின்றன. பழைய சைக்கிள் ட்யூப்பில் காற்றடித்தால் ஓரிடம் மட்டும் புடைத்துக்கொள்ளுமே, அப்படி அந்த இடம் மெல்ல விரிகிறது. 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அனூரிசம் என்கிறோம். உங்களுடையது 4.2.

குழாய் விரிய விரிய, அதே ரத்த அழுத்தத்துக்கு அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் எங்களுக்கு அளவு அவ்வளவு முக்கியம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசுவோம். ஒரே வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலும், வலி வந்தாலும், அந்த அளவுக்காகக் காத்திருக்க மாட்டோம்.

அந்த 5.5 யாரோ ஒருவர் குத்துமதிப்பாக வைத்தது அல்ல. நீங்கள் கேட்ட அதே கேள்வியை இரண்டு பெரிய ஆய்வுகள் கேட்டன. பிரிட்டனில் நடந்ததன் முடிவு 1998இலும், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்ததன் முடிவு 2002இலும் வெளிவந்தன. 4 முதல் 5.5 செ.மீ. வரை வீக்கம் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள். மற்றவர்களை ஸ்கேன் எடுத்துக் கவனித்து, தேவை வந்தபோது மட்டும் ஆபரேஷன் செய்தார்கள். பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடுதலாக வாழவில்லை. கவனிப்பில் இருந்தவர்களுக்கு வீக்கம் வெடித்தது வருடத்துக்கு நூறில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவு. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனிலோ, ஒரே நாளில் அதைவிட அதிக ஆபத்தை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ஆக, உங்கள் டாக்டர் உங்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. தேதி குறித்துக் கவனிப்பதும் சிகிச்சைதான்.

இங்கிலாந்தில் 3 முதல் 4.4 செ.மீ. வரை வருடத்துக்கு ஒரு ஸ்கேன், 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொன்ன கெடுவும் இதோடு ஒத்துப்போகிறது. அடுத்த வருடம் 44 என்று வந்தால் பதறிவிடாதீர்கள். பொதுவாக வருடத்துக்கு 2, 3 மி.மீ. வளரும். அதோடு, அளக்கும் ஆள் மாறினாலே சில மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தவறாமல் கொண்டுபோங்கள். அல்ட்ராசவுண்டில் 42 என்று வந்தது சிடி ஸ்கேனில் 45 என்று வரலாம். ஆகவே அல்ட்ராசவுண்டை அல்ட்ராசவுண்டோடும், சிடியை சிடியோடும் மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்த முறை போகும்போது முழங்காலுக்குப் பின்புறமும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றில் வீக்கம் உள்ள சிலருக்கு அங்கேயும் இருக்கும்.

மாடிப்படி தாராளமாக ஏறுங்கள் ஐயா. காலையில் நடங்கள். பித்தப்பை ஆபரேஷன் தேவையென்றால் அதையும் செய்துகொள்ளலாம். சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் இந்த ரிப்போர்ட்டை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். வயிற்றில் கை வைத்துத் துடிப்பைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். கையால் தொட்டு வளர்ச்சியைக் கண்டுபிடிக்க என்னாலேயே முடியாது.

என் கணவருக்கு 61 வயது. லாரி ஓட்டுகிறார். சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்ததில் 4.6 செ.மீ. வீக்கம் தெரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். 'அதான் வீக்கம் வந்தாச்சே, இனிமே பீடியை விட்டு என்ன ஆகப் போகுது' என்கிறார். சண்டை போட்டு அலுத்துவிட்டேன். சாப்பாட்டிலோ நாட்டு மருந்திலோ இதைச் சுருக்க வழி உண்டா?
- வாசகி, நாமக்கல்

அம்மா, இதைச் சுருக்க உணவும் இல்லை, லேகியமும் இல்லை, இங்கிலீஷ் மாத்திரையும் இல்லை. டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை வளர்ச்சியைக் குறைக்கும் என்று பல காலம் நம்பினோம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அதனால் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. சுருக்குவதாகச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி அவரிடம் நேராகப் பேசுகிறேன். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

தம்பி, நீங்கள் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. இந்த நோய் வருவதற்கு மனிதன் கையில் உள்ள காரணங்களில் முதலாவது புகை. வந்த பிறகு அதை வேகமாக வளர்ப்பதும் புகை. வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் அதுதான். பீடியை நிறுத்தினால் வீக்கம் மறையாது, உண்மை. ஆனால் 4.6 என்பது 5.5 ஆக எடுக்கும் காலம் நீளும். சிலருக்கு அந்த நாள் வராமலேகூடப் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டாலும், புகையை விட்ட நுரையீரலோடு மேஜைக்கு வருகிறவர் எழுந்து நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். விடாதவர் வென்டிலேட்டரோடு போராடுவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன வீக்கம் உள்ளவர்களின் உயிரை அந்த வீக்கத்தைவிட மாரடைப்புதான் அதிகம் எடுக்கிறது. பீடி அதற்கும் கூட்டாளி. தனியாக விட முடியவில்லை என்றால், பீடிக் கட்டின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது. நிகோட்டின் சூயிங்கம் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மா, உங்களுக்கு இரண்டு வேலைகள். பிரஷர் மாத்திரையும், கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால், லாரியில் ஏறும் முன் அவை பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். வழியில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் நிறுத்திச் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடியும் இந்த மருந்துகள் அயோர்ட்டாவின் சுவரைக் கிழித்துவிடக்கூடும். அனூரிசம் உள்ளவர்களுக்கு வேறு வழியே இல்லாத போதுதான் இவற்றைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இந்த மூன்று பெயர்களையும் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி அவர் பர்சில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டட்டும்.

வயது 24. ஒல்லியான உடம்பு. மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. எனக்கும் இந்த வீக்கமா?
- வாசகர், தென்காசி

தம்பி, ஒல்லியான உடம்பில் அயோர்ட்டாவின் இயல்பான துடிப்பு அப்படித்தான் தெரியும். உங்கள் வயதில் இந்த நோய் மிக மிக அரிது. சந்தேகம் மனதை அரித்தால் ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிக்கொண்டே இருக்க வேண்டாம்.

எனக்கு வயது 58. கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுத்தபோது 4.3 செ.மீ. வீக்கம் தெரிந்தது. வீட்டில் காஸ் சிலிண்டரை மாற்றுவது, அரிசி மூட்டையை நகர்த்துவது எல்லாம் நான்தான். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவேன். யோகாவும் செய்கிறேன். எதையெல்லாம் விட வேண்டும்? இன்னொன்று, கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். கணவரோடு தாம்பத்தியம் கூடாதா? அவர் பயந்துபோய்த் தனி அறையில் படுக்கிறார்.
- வாசகி, விழுப்புரம்

இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அம்மா. பலர் இதை டாக்டரிடம் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்து மருகுகிறார்கள். தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை. பிரஷர் கட்டுக்குள் இருந்து, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்காத அளவுக்கு உடம்பு இருந்தால், உங்கள் அளவு வீக்கத்துக்காக அதை விடவே வேண்டாம். கணவரை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் வாயாலேயே இதைச் சொல்லக் கேட்க வையுங்கள்.

நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அந்த வேலை வேண்டாம். சிலிண்டர் கொண்டுவரும் தம்பியிடமே உள்ளே வைத்து மாட்டித் தரச் சொல்லுங்கள். அரிசியைச் சின்னப் பையாக வாங்குங்கள். மலச்சிக்கலுக்கும் இதே கணக்குதான். முக்கும்படி விடாமல் கீரை, பழம், தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். யோகாவில் மூச்சை அடக்கும் கும்பகம், வயிற்றில் எடையைத் தாங்கும் மயூராசனம் இரண்டையும் விட்டுவிடுங்கள். மற்றதைச் செய்யலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர். பிரஷர் சரியாக இருந்தால் போய்வாருங்கள். வெயில் தாழ்ந்து கிளம்புங்கள், நடுவில் உட்காருங்கள். நடப்பது உங்கள் இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் நல்லது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இந்த வீக்கம் குறைவாகத்தான் வரும்; வந்தால், ஆண்களைவிடச் சிறிய அளவிலேயே வெடிக்கும். அதனால் உங்களுக்கு எல்லை 5 செ.மீ. என்று வையுங்கள். ஆண்களுக்கான 5.5ஐச் சொல்லி யாராவது உங்களைக் காத்திருக்கச் சொன்னால், 'நான் பெண்ணாச்சே, எனக்கும் அதே அளவா?' என்று கேளுங்கள்.

66 வயதில் எனக்கு வயிற்றில் அனூரிசம் என்று தெரிந்ததும், என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன இடத்தில் 'குடும்ப வியாதியாமே' என்று தயங்குகிறார்கள். என் நோய் அவளுக்கு வருமா?
- வாசகர், திண்டுக்கல்

படித்ததும் மனம் கனத்தது. அந்தக் குடும்பத்தாரும் இதைப் படிக்கட்டும். வயிற்று அயோர்ட்டா வீக்கத்தில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அதிலும் அண்ணன் தம்பிகளுக்கு. ஆனால் இது முதுமையில் வரும் நோய். அவர்கள் ஐம்பது அறுபது வயதில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டால் போதும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. புகைபிடிக்காத ஓர் இளம் பெண்ணின் கல்யாணத்தை இதற்காக நிறுத்துவது பெரும் அநியாயம். சர்க்கரையும் மாரடைப்பும் இல்லாத சம்பந்தி வீட்டை இன்று யாரால் காட்ட முடியும்?

வேறு வகை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வீக்கம் நெஞ்சுப் பகுதியில் இருந்து, சிறு வயதிலேயே வந்து, வீட்டில் சிலர் வழக்கத்துக்கு மீறிய உயரம், நீண்ட விரல்கள், கண் லென்ஸ் நகர்ந்துபோதல் என்று இருந்தால் அது மார்ஃபான் நோயாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் இளையவர்கள் எல்லோரும் எக்கோ எடுத்தாக வேண்டும். கர்ப்பம் தரிக்கும் முன்பே பெண்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீக்கம் வயிற்றில், 66 வயதில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

லண்டனில் இருக்கும் என் அண்ணனுக்கு 65 வயதானதும் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டு இந்த ஸ்கேன் எடுத்தார்களாம். இங்கே ஏன் அப்படி இல்லை? நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பிரிட்டனில் ஆண்கள் 65 வயதை எட்டும்போது அரசே இலவசமாக எடுக்கிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட திட்டம் இல்லை. 65 வயதைத் தாண்டிய, வாழ்நாளில் எப்போதாவது புகைத்த ஆண் என்றால் ஒரு முறை எடுத்துவிடுங்கள். அண்ணனுக்கு வீக்கம் இருந்ததென்றால் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் எடுங்கள். வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கேனுக்குப் போகிறவர்களும் 'அயோர்ட்டா அளவையும் எழுதுங்கள்' என்று கேட்டு வாங்கலாம். கூடுதலாக ஓரிரு நிமிடம்தான் ஆகும்.

வயது 63. இரண்டு வருடத்தில் 5.1இலிருந்து 5.7 ஆகிவிட்டது. ஒரு டாக்டர் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார். எது நல்லது? ஒன்றுமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன?
- வாசகர், ஈரோடு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். 63 வயதில், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும்போது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. பலர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து சேர்வதில்லை. திட்டமிட்டுச் செய்யும்போது பெரும்பாலானவர்கள் வீடு திரும்புகிறார்கள்.

ஐன்ஸ்டைனுக்கு இதே வீக்கம் இருந்தது. 1948இல் நியூயார்க்கில் ருடால்ஃப் நிஸன் என்ற சர்ஜன் வயிற்றைத் திறந்து, வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. அதற்குப் பிறகு ஐன்ஸ்டைன் ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது, 76 வயதில், மறு ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில்தான், 1951இல், பாரிஸில் ஷார்ல் துபோஸ்த் வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துத் தைத்துக் காட்டினார். அப்புறம் டெக்ரான் துணிக் குழாய் வந்தது. உங்களுக்குத் திறந்து செய்வதென்றால் அப்படிப்பட்ட செயற்கைக் குழாயைத்தான் வைத்துத் தைப்பார்கள். தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்திய கம்பி வலைக் குழாய், வைப்பதை 1990இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி செய்து காட்டினார். பெரிய வெட்டு இல்லை. சில நாளில் வீட்டுக்குப் போகலாம்.

பிரிட்டனில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் 30 நாளில் இறந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களில் நூறுக்கு 1.7, திறந்து செய்தவர்களில் 4.7. ஆரம்பத்தில் ஸ்டென்ட்டுக்குத்தான் வெற்றி. ஆனால் 8 வருடத்துக்குப் பிறகு நிலைமை மாறி, திறந்து செய்துகொண்டவர்களே மேலாக இருந்தார்கள். ஸ்டென்ட்டின் ஓரங்களிலிருந்து ரத்தம் மறுபடி வீங்கிய பைக்குள் கசியலாம் என்பதுதான் காரணம். அதனால் ஸ்டென்ட் வைத்தவர் ஆயுள் முழுக்க ஸ்கேனுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. 80 வயது, நுரையீரல் சரியில்லை, இதயம் பலவீனம் என்றால் ஸ்டென்ட். உங்களைப் போல அறுபதுகளில், இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தால், திறந்து செய்வதைப் பயத்தால் மட்டும் ஒதுக்காதீர்கள். முடிவைச் சொல்வது சிடி ஆஞ்சியோதான். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்குக் கீழே ஸ்டென்ட் பிடித்து நிற்கப் போதுமான நல்ல சுவர் இருக்க வேண்டும். வீக்கத்தின் 'கழுத்து' என்று அந்த இடத்தைச் சொல்வோம். 'என் கழுத்துப் பகுதி ஸ்டென்ட்டுக்கு ஏற்றதா?' என்று கேளுங்கள். எந்த இடத்தைக் கேட்கிறீர்கள் என்று வாஸ்குலர் (ரத்தநாள) சர்ஜனுக்குப் புரியும். வருடத்துக்கு இதை எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஸ்டென்ட் கிராஃப்ட்டின் விலையே லட்சங்களில் வரும். காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. இன்னொரு கருத்து கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

எனக்கு 4.9 செ.மீ. இருப்பது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மனைவிக்கு ஏற்கெனவே சர்க்கரை, படபடப்பு. பிள்ளைகள் வெளியூரில். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.
- வாசகர், திருநெல்வேலி

சொல்லிவிடுங்கள் ஐயா. இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் ஒரு நாள் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ இடுப்பிலோ தாங்க முடியாத வலி வந்து, உடம்பு வேர்த்து, நீங்கள் மயங்கி விழுந்தால் அங்கே பேசப்போவது உங்கள் மனைவிதான். அவருக்கு விஷயம் தெரியாவிட்டால் வாயுத் தொல்லை என்று கஷாயம் வைத்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில்கூட இந்த வலியைச் சிறுநீரகக் கல் என்று நினைத்து வலி ஊசி போட்டு உட்காரவைத்துவிட வாய்ப்பு உண்டு. 'இவருக்கு அயோர்ட்டா அனூரிசம் இருக்கு' என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், அங்கே எல்லாரையும் வேகமாக ஓட வைக்கும்.

சொல்லும்போது அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இப்போது 4.9, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள், 5.5 வந்தால் ஆபரேஷன். கணக்கோடு சொன்னால் படபடப்புக்காரர்கள்கூட நிதானமாகக் கேட்பார்கள். வாஸ்குலர் சர்ஜனும் சிடி வசதியும் இரவிலும் இருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று டாக்டரிடம் கேட்டு, அதன் பெயரையும் போன் நம்பரையும் மனைவியின் போனில் பதிந்து வையுங்கள். 108 வண்டி வந்தால் அனூரிசம் இருப்பதை ஏறும்போதே சொல்லி, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லட்டும். கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஒரு நகல் பீரோவுக்குள் வேண்டாம். அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்றைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.